கரகரத்த குரல்

...தொப்பியைக் கழற்றினால் பிடித்துக்கொண்டு போவார்கள், கழற்றாவிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும், நடிகன் வெளியே வந்தால் முகத்தை மூடும் இந்தப் பின்னல் தொப்பியோடுதான் திரிய வேண்டுமாம், எந்த அறிவாளி போட்ட உத்தரவோ... நாடகக் கொட்டகைகளை எடோ நகரத்தின் ஓரத்துக்குத் துரத்தியாயிற்று, ஊராரோடு பழகக் கூடாதென்றும் சொல்லியாயிற்று, இனி என்ன பாக்கி? நாளைக்கு ஒதாகிக்குக் கல்யாணம். என் மகள். ஏழு வயதில், சோயாப் பாலை உறையவைத்துக் கட்டியாக விற்கும் டோஃபுக் கடை கியூபெய்க்குத் தத்துக் கொடுத்தேன், பத்து வருஷம் ஓடிவிட்டது. "அண்ணே, அவ கூத்தாடி பெத்த பொண்ணுன்னு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா எல்லாம் போச்சு, தயவுசெஞ்சு வந்துடாதீங்க" என்று போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான், நானும் சரி என்றேன்... பிறகு ஏன் வந்தேன்? ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக. அவ்வளவுதான்.

பாலத்தடியில் தொப்பியை ஒளித்துவிட்டு நடந்தேன், பழக்கத்தில் பாதங்கள் உள்நோக்கித் திரும்பின, பெண் வேஷக்காரன் வீட்டிலும் பெண்ணாகவே நடக்க வேண்டும், பேச வேண்டும் என்று அடித்து வளர்த்த கால்கள், அகட்டி வைடா மடையா, மூட்டை தூக்குகிறவன் மாதிரி நட... கடையில் அவள்தான் நின்றாள். அப்படியே அவள் அம்மாவின் நெற்றி. "என்னங்கய்யா வேணும்?" அவளுக்குத் தெரிந்ததெல்லாம் என் மெல்லிய குரல், தாயில்லாத பிள்ளையைத் தாலாட்டித் தூங்கவைத்த குரல், அதனால் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு கட்டி குடும்மா" என்று கரகரத்தேன். தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்து இலையில் வைத்தாள். "ஊருக்குப் புதுசாய்யா?" "ஆமாம்மா, படகுல வேலை." "பாத்துப் பிடிங்க, ஒடஞ்சிடப் போவுது" என்று சிரித்தாள், யாரோ ஒருவனிடம் சிரிக்கிற சிரிப்பு. நம்பிவிட்டாள். கொட்டகை அதிரக் கைதட்டு வாங்கியிருக்கிறேன், ஒருநாளும் இவ்வளவு பிசகில்லாமல் நடித்ததில்லை... திரும்பி நடந்தேன், மெதுவாக, வேண்டுமென்றே மெதுவாக, அவள் கல்யாணத்துக்கு ஒரு பங்கமும் வராது, சந்தோஷப்பட வேண்டியதுதானே, எங்காவது ஒரு சொல்லில் என் நடிப்பு சறுக்கியிருக்கக் கூடாதா என்று இந்தப் பாழாய்ப்போன மனசு ஏன் அடித்துக்கொள்கிறது?