கேட் வரைக்கும் வந்த தட்டு

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிவப்புக் கட்டத்தை அமுக்க ரோகிணிக்கு மனசே வராது. பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஏர்கோன் கம்பெனி. வாரண்டி கேட்டு எழுதுகிறவர்களின் விண்ணப்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வந்து நிற்கும். பச்சையை அமுக்கினால் மெக்கானிக் போவார், சிவப்பை அமுக்கினால் போகமாட்டார். செராஸிலிருந்து ஓர் அம்மா, கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு என்று எழுதியிருப்பார். ரோகிணி பத்து நிமிஷம் யோசிப்பாள். அதெல்லாம் ஆறு வருஷத்துக்கு முந்தைய கதை. இப்போது நாளொன்றுக்கு இருநூற்று நாற்பது விண்ணப்பம், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிஷம், தாண்டினால் திரை மூலையில் ஒரு கடிகாரம் சிவந்து முறைக்கும். வேர்க்குருவையெல்லாம் யார் படிக்கிறார்கள்? தேதியைப் பார்க்க வேண்டியது, அமுக்க வேண்டியது.

கம்பெனிக்குத்தான் இப்படியென்றால் கைப்பேசிக்கும் அவளேதான் குமாஸ்தா. கார் நிறுத்த ஓர் ஆப், கிளினிக்கில் நம்பர் எடுக்க ஓர் ஆப், நாளைக்குத் தண்ணீர் வராது என்று சொல்ல ஓர் ஆப். இது போதாதென்று சொந்தக்காரர்கள் குரூப்பில் விடிந்தும் விடியாமலும் ரோஜாப்பூவோடு காலை வணக்கம். எல்லாமே வேலையைக் குறைக்க வந்தவை என்றுதான் சொன்னார்கள். குறைந்த வேலை எந்தப் பக்கம் போயிற்று என்று யாரும் சொல்லவில்லை. நாற்பத்தேழு வயசில், சாயங்காலமானால் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கக்கூடத் தெம்பில்லாமல் சோபாவில் கிடந்தாள் ரோகிணி.

பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் குடியிருந்த கொண்டோ அடுக்குமாடியில் போன வருஷம் கேட்டுக்கும் ஓர் ஆப் வந்து சேர்ந்தது. முன்பெல்லாம் வருகிறவர்கள் காவலாளியிடம் நோட்டில் பேர் எழுதிவிட்டு மேலே வந்துவிடுவார்கள். இப்போது அவர்களுடைய ஐ.சி. அடையாள அட்டையை வாங்கி மெஷினில் வைக்க வேண்டும். பேர் வீட்டுக்காரரின் கைப்பேசிக்குப் போகும். அவர் பச்சையை அமுக்கினால்தான் தடுப்பு எழும்பும். ரோகிணியின் கணவன் வாசு, அந்த ஆப்பைப் போட்ட இரண்டாம் நாளே அழித்துவிட்டான்.

“எனக்கு வேணாம் லா. ஷா ஆலம் யார்டுல லோரி சத்தத்துல எந்த மணி காதுல விழும்? நீயே பாத்துக்க.”

ஆக, அந்த வீட்டுக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதும் ரோகிணியின் விரலுக்கே வந்து சேர்ந்தது.

அப்படிக் கைகழுவிய வாசுதான் மூன்று வாரமாக வேலை முடிந்து வந்ததும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தான். “யாராச்சும் வந்தாங்களா?”

யாராச்சும் என்றால் யார் என்று ரோகிணிக்குத் தெரியும். கிள்ளானில் இருக்கும் அவனுடைய ஒரே அக்கா, பாப்பாக்கா. அவர் மகள் மாதவிக்குக் கல்யாணம் என்று கிள்ளானை அடுத்த மேருவிலிருந்து சித்தப்பா மகன் ராஜன் போன் செய்து சொல்லியிருந்தான். ஊருக்கெல்லாம் பத்திரிகை வாட்ஸ்அப்பில் போய்விட்டது. வாசுவுக்கு வரவில்லை. வரவும் கூடாது. அவன் பெண்ணின் தாய்மாமன். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி துண்டு எல்லாம் வைத்து, வீடு தேடி வந்து, கையில் கொடுத்து அழைக்க வேண்டும். அப்படித் தட்டு வாங்கியவன்தான் பெண்ணைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டிப்போவான். “வந்து கூப்பிட்டா போவேன். இல்லாட்டி எனக்கு அக்காவே இல்லனு நெனச்சுக்கறேன்” என்று வாசு வீறாப்பாகச் சொன்னான். சொன்ன அதே வாரம், சத்தம் போடாமல் போய் ஒரு பட்டுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு வந்தான்.

அக்காவும் தம்பியும் பேசி இரண்டு வருஷம் ஆயிற்று. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பாப்பாக்கா போன் செய்து, ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போ என்றார். நாளைக்கு லீவு, நாளைக்கு வருகிறேன், இன்றைக்கு வீடியோ காலில் காட்டு என்றான் வாசு. நாலு நிமிஷம் பேசினான். விடிவதற்குள் அம்மா போய்விட்டார். சுடுகாட்டில் அத்தனை பேருக்கு முன்னால் பாப்பாக்கா கேட்டார், “கொள்ளியையும் வீடியோ கால்லயே வச்சிருக்கலாமே தம்பி?” அன்றைக்கே வாசு அக்காவின் நம்பரைத் தடைசெய்தான். அதை எடுத்துவிட அவனுக்கு எத்தனையோ நாள் ஆசை வந்ததும், ரோஷம் குறுக்கே நின்றதும் ரோகிணிக்குத் தெரியாதா என்ன?

போன ஞாயிற்றுக்கிழமை வாசு தைத்த சட்டையை வாங்கிவரப் போயிருந்தான். வெயில் காலம், ஊரிலுள்ள ஏர்கோனெல்லாம் ஒரே நேரத்தில் படுத்துவிட்டதால் ரோகிணி சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக் கொண்டு ஞாயிறும் அமுக்கிக்கொண்டிருந்தாள். பதினொன்றே முக்காலுக்குக் கைப்பேசி சிணுங்கியது. ‘விருந்தினர்: நல்லம்மாள் ஏ/பி கன்...’ என்று வந்து, மீதிப் பேர் மூன்று புள்ளியில் நின்றுவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் முழுப் பேர் இருக்கும், கேட் கேமரா எடுத்த படமும் இருக்கும். உள்ளே போக யாருக்கு நேரம்? நல்லம்மாள் என்று அவளுக்கு ஒருவரையும் தெரியாது. தண்ணீர் ஃபில்டர் விற்கிறவர்கள் கண்ணில் பட்ட வீட்டு நம்பரைச் சொல்லி உள்ளே வருகிறார்கள், ஜாக்கிரதை என்று நிர்வாகம் அந்த வாரம்தான் எச்சரித்திருந்தது. சிவப்பை அமுக்கினாள்.

இரண்டு நிமிஷத்தில் மறுபடியும் அதே பேர். மறுபடியும் சிவப்பு. கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவது முறையும் சிணுங்கியபோது அவளுக்கு எரிச்சலே வந்துவிட்டது. “ஃபில்டர் விக்கறதுக்கு இவ்ளோ பிடிவாதமா!” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அமுக்கினாள். கடிகாரம் சிவக்காமல் அடுத்த விண்ணப்பத்துக்குப் போனதில் அவளுக்குச் சின்னத் திருப்திகூட இருந்தது.

ஒரு மணிக்கு வாசு சட்டைப் பையோடு வந்தான். “யாராச்சும் வந்தாங்களா?”

“இல்லங்க.”

சாயங்காலம் சாப்பாடு கொண்டுவந்த பையனுக்குக் கேட்டைத் திறக்க அவள் அந்த ஆப்பைத் திறந்தாள். பச்சையை அமுக்கிய கையோடு கீழே இருந்த பழைய வரிசை கண்ணில் பட்டது. மூன்று சிவப்பு வரி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு குட்டிப் படம். அசிரத்தையாகத்தான் தொட்டாள்.

பச்சைப் பட்டுச் சேலை. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கேமரா எங்கே இருக்கிறதென்று தெரியாமல் வேறெங்கோ பார்க்கும் முகம். இரண்டு கையிலும் ஏந்திய எவர்சில்வர் தட்டு. பக்கத்தில் முழுப் பேர்: நல்லம்மாள் ஏ/பி கன்னையா. ஏ/பி என்றால் மகள். கன்னையா அவளுடைய மாமனார்.

 ரோகிணிக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அந்த வீட்டில் பெரியவர், சின்னவர், பிறந்த பிள்ளை எல்லாரும் பாப்பாக்கா, பாப்பா அத்தை என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயசுப் பாப்பாவுக்கு ஐ.சி.யில் வேறு பேர் இருக்கும் என்று யோசிக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. அவளுடைய கைப்பேசியில்கூட அவர் ‘கிள்ளான் அக்கா’தான்.

பக்கத்து அறையில் வாசு புதுச் சட்டையை ஹேங்கரில் மாட்டிக்கொண்டிருந்தான். ரோகிணி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.  நாளைக்குப் போய்க் காலில் விழுந்தாவது சரிசெய்துவிட்டு, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினாள். கிள்ளானில் பாப்பாக்கா வீட்டுக்குக் காவலாளி கிடையாது, இரும்புக் கேட்தான். பாப்பாக்கா முன்கூடத்தில் உட்கார்ந்து தாம்பூலப் பைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். ரோகிணி கேட்டருகில் தயங்கி நிற்பதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

“சும்மாதான் சாத்தியிருக்கு, உள்ள வா. இங்க அமுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.”

ரோகிணி உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள். 

“மொத தடவ, கை தவறியிருக்கும்னு நெனச்சேன்” என்றார் பாப்பாக்கா, பையிலிருந்து கண்ணை எடுக்காமல். “எங்க வீட்டுக்காரருக்குக் கால் முடியாது, நான் ஒருத்தியாதான் டிரெயின்ல வந்தேன். கேட்டுல காவலுக்கு இருந்த நேப்பாளத் தம்பி பாவம், நாற்காலி எடுத்துப் போட்டான். ரெண்டாவது தடவையும் சிவப்பு. மூணாவது தடவ மெஷினத் திருப்பி எனக்கே காட்டிட்டான், ஓனருக்கு வேணாமாம் ஆன்ட்டின்னு. அதுக்கப்புறம் உனக்கு அடிச்சுக் கேக்க மனசு வரல.”

“அக்கா, அது நீங்கன்னு எனக்குத் தெரியாது.”

“பேரு வருதாமே?”

“வந்துச்சு” என்றாள் ரோகிணி. “உங்க பேரு எனக்குத் தெரியாதுக்கா.”

பாப்பாக்காவின் கை நின்றது. “இருவத்திரண்டு வருஷமாவா?”

“எல்லாரும் பாப்பான்னுதானே...”

 பாப்பாக்கா சிரித்தார், அதில் சந்தோஷம் இல்லை. “எங்கப்பாவோட அம்மா பேரு அது. மாமியார் பேர வாயால சொல்லக் கூடாதுன்னு எங்கம்மா என்னப் பாப்பான்னே கூப்பிட்டாங்க, அப்படியே நின்னு போச்சு. கேட்டுல அந்தத் தம்பி என் பேர வாசிச்சப்ப எனக்கே யாரோ மாதிரிதான் இருந்துச்சு.”

“நம்புறீங்களாக்கா?”

“நம்புறேன் லா. பொய் சொல்ல வந்தவ இதவிட நல்ல பொய்யா சொல்லுவா.”

ரோகிணிக்கு அழுகையும் ஆறுதலும் ஒன்றாக வந்தன. எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப அந்தத் தட்ட நான் வாங்கிட்டுப் போறேன்க்கா. இல்ல, இப்பவே அவரக் கூட்டிட்டு வரேன்.”

“தட்டு ஏது?” பாப்பாக்கா கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். “நெறஞ்ச தட்டோட வீட்டுக்குத் திரும்பக் கூடாதுன்னு, அங்கேருந்து நேரா மேருவுக்குப் போயிட்டேன். ராஜன் கையில குடுத்துட்டேன். அவனும் எனக்குத் தம்பி முறைதானே. புருஷனும் பொண்டாட்டியும் அழுதுகிட்டே வாங்கினாங்க. இனி அவன்தான் மாதவியக் கூட்டிட்டுப் போவான்.”

“ராஜன் கிட்ட நான் பேசறேன்க்கா. சொன்னா புரிஞ்சுக்குவாரு.”

“குடுத்தத திருப்பிக் கேக்கச் சொல்றியா? எந்த முகத்த வச்சிக்கிட்டு?” குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. “சுடுகாட்டுல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அத அவன் முகத்தப் பாத்துச் சொல்லணும்னுதான் அன்னிக்கு வந்தேன். போன்ல சொல்ற பேச்சா அது? இப்ப அலுத்துப் போச்சு ரோகிணி. இன்னொரு தட்டத் தூக்கிக்கிட்டு அந்தக் கேட்டுல வந்து நிக்க எனக்குத் தெம்பில்ல.”

டீ போட்டுக் கொடுத்தார். அவள் கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்தார். “மாதவியப் பத்திரிகைய உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொல்றேன். வர்றதுன்னா வாங்க.”

ரயில் சுபாங் ஜெயாவைத் தாண்டும்போது பத்திரிகை வந்தது. திறந்ததும் பெட்டி முழுக்கக் கேட்கும்படி நாதஸ்வரம் கிளம்ப, அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தாள். ‘நல்லம்மாள்’ என்று பெண்ணின் அம்மா பேர் பொன்னெழுத்தில் இருந்தது. அடியில் பச்சையில் ‘வருகிறோம்’, சிவப்பில் ‘வர இயலவில்லை’. ஆறு வருஷமாக எதற்கும் தயங்காத விரல் அது. பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை இரண்டில் எதையும் தொட முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் வாசு வந்தான். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டான், “யாராச்சும் வந்தாங்களா?”

“வந்தாங்க” என்றாள் ரோகிணி. “நேத்து.”

கைப்பேசியை அவன் கையில் கொடுத்தாள். எதையும் மறைக்கவில்லை, மூன்று முறை அமுக்கியதையும், பேர் தெரியாமல் போனதையும், ராஜன் வீட்டுக்குப் போன தட்டையும் சொல்லி முடித்தாள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவன் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, தட்டின் பக்கம் நகர்த்தினான். வாழைப்பழம், வெற்றிலை, மடித்த வேட்டியின் கரை. பிறகு முகத்தின் பக்கம் நகர்த்தி அங்கேயே நின்றான்.

“அக்கா ரொம்ப எளச்சிருச்சு” என்றான்.

“என்ன மன்னிச்சிருங்க.”

“நம்பரத் தடுத்து வச்சது நான்தான” என்றான் வாசு. “இல்லாட்டி கேட்டுலேருந்து எனக்கே அடிச்சிருக்கும்.” கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். “அந்தப் பத்திரிகையக் காட்டு. இதுல எத அமுக்கணும்?”

“வர்றதா இருந்தா பச்சை.”

“கேட் வரைக்கும் வந்து கூப்பிட்டுருச்சுல்ல. போவணும்.”

அமுக்கினான். எத்தனை பேர் என்று கேட்டது. இரண்டு என்று போட்டான். ‘உங்கள் வருகைக்கு நன்றி’ என்று ஒரு வரியும் நாலு பூவும் வந்தன.

கைப்பேசியை அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனான். ஹேங்கரில் இருந்த பட்டுச் சட்டையை எடுத்து, மடித்து, அலமாரியின் அடித்தட்டில் வைத்தான். ரோகிணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாதா சட்டையே போதும்” என்றான், திரும்பிப் பார்க்காமல். “மாமன் சட்டையப் போட்டுக்கிட்டு மேடைக்குக் கீழ நாற்காலியில உக்காந்திருந்தா நல்லா இருக்காது லா.”