ஜோடி வார்த்தைகளில் ஒரு காலை

முப்பத்தெட்டாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். சலவை ஆலைக்கு, அங்கே மெஷின் ஓட்டும் ஜோடிக்காரர் கொடுக்க வேண்டிய தொகை என்று எழுதி, அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். மாதம் ஆயிரத்து அறுநூறு பிடித்தால் இரண்டு வருஷம் ஓடும். அதற்கு மேலும் ஐம்பது ரூபாய் நிற்கும். இரண்டு வருஷம் மிச்சச் சம்பளத்தில் எப்படி மூச்சு விடுவது என்று அந்தக் காகிதத்தில் யாரும் எழுதவில்லை.

விஷயம் இதுதான். மூன்றாம் நம்பர் உலர்த்தும் மெஷினில் மோட்டார் எரிந்துபோனது. அந்த மெஷினுக்கு அவர்தான் ஆள். புகை வந்த பிறகும் நிறுத்தாமல் ஓட்டினார் என்று சூப்பர்வைசர் மேலே எழுதி அனுப்பிவிட்டார்.

நடந்தது வேறு. வாடை வந்த உடனே அவர் மெஷினை நிறுத்தினார். ஓடிப்போய்ச் சொன்னார். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் நானூறு, நாலு மணிக்கு வண்டி ஏற வேண்டும். "ஒண்ணும் ஆகாது, ஓட்டுங்க" என்றார் சூப்பர்வைசர். ஜோடிக்காரர் ஓட்டினார். எரிந்தது. ஆனால் மறுபடி சுவிட்சைப் போடும் முன்னால் ஒரு காரியம் செய்திருந்தார். ஷிஃப்ட் நோட்டில் நாலு வரி எழுதி வைத்தார். அந்த நோட்டில் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்பது ஆலையின் சட்டம்.

'மோட்டார் ஹீட்டட் அப். ஐ ஷட் டவுன். டோல்ட் சூப்பர்வைசர். ஹி செட் கேரி ஆன்.'

சூடேறியது, நிறுத்தினேன், சொன்னேன், தொடர்ந்து ஓட்டு என்றார். அவ்வளவுதான்.

"இதை அவர் எழுதியிருக்கவே முடியாது" என்று சூப்பர்வைசர் அடித்துச் சொன்னார். "பதினோரு வருஷத்துக்கு முன்னாடி வேலைக்குச் சேரும்போது கைநாட்டு வச்ச ஆளு. அந்த எலக்ட்ரீஷியன் பிற்பாடு எழுதிக் குடுத்திருக்கான்."

கைநாட்டு வைத்தது உண்மை. ஆனால் நாற்பத்தேழு வயதுக்கு மேல் அவர் எழுத்துப் படித்ததும் உண்மை. சாப்பாட்டு நேரத்தில், துணி மூட்டை மேல் உட்கார்ந்து, மெஷின் பலகைகளைப் பார்த்துப் பார்த்துப் படித்தார். 'ஒயர்' என்று எல்லாரும் கூப்பிடும் அந்த எலக்ட்ரீஷியன்தான் வழி காட்டினார்.

"பெரிய பெரிய வார்த்தை நமக்கு எதுக்குண்ணே? இங்க வேலை பூரா ஜோடி ஜோடியாத்தான் நடக்குது. டர்ன் ஆன், டர்ன் ஆஃப், ஃபில் அப், ரன் அவுட். நாம 'எடுத்து வை', 'எடுத்து விடு', 'எடுத்துப் போடு'ன்னு சொல்லல? எடுக்கறது ஒண்ணுதான், பின்னாடி வர்றது மாறினா வேலையே மாறிப்போகுது. அந்த மாதிரிதான்."

அது அவருக்குப் பிடிபட்டது. பிரேக் டவுன் என்றால் வண்டி நின்றுபோவது, பிரேக் இன் என்றால் திருடன் பூட்டை உடைத்து உள்ளே நுழைவது. "ஒரே புருஷன், சேர்ற பொண்டாட்டியப் பொறுத்துக் குணம் மாறுது" என்று வீட்டில் சொல்லப்போய், "உங்களுக்கு ஒண்ணே அதிகம்" என்று மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஜோடிக்காரர் என்ற பட்டப்பெயர் வந்த கதை இதுதான்.

தலைமை அலுவலகம் வைத்த விசாரணை அன்று பத்தரைக்கு. எட்டரை மணிக்கே, அழுக்குத் துணி வண்டிகள் நிற்கும் சந்தில் சூப்பர்வைசர் மறித்தார். மனைவியும் கூடவே நின்றாள். அதே ஆலையில் துணி மடிக்கும் வேலை அவளுக்கு.

"இங்க பாருங்க, எனக்கு உங்க மேல பகை இல்ல. எனக்கு எழுதத் தெரியாதுங்க, அது நான் எழுதினதில்லைங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பாதிய நான் தள்ளுபடி பண்ணச் சொல்றேன். பத்தொம்பதாயிரத்துச் சொச்சம்தான் நிக்கும். வேலையும் நிலைக்கும். ரெண்டு பேர் வேலையும்."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் மனைவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"எதை?"

"தெரியாதுன்னுதான். நாலு வருஷத்துக்கு முன்னாடி தெரியாமத்தானே இருந்தீங்க? அப்ப என்ன குறைஞ்சு போச்சு?"

"இப்பத் தெரியுமே."

"உங்களுக்கு எழுதத் தெரியும்ங்கறது எனக்குத் தெரியும், ஒயர் அண்ணனுக்குத் தெரியும். போதாதா? பாதி மிஞ்சுதுங்க. ராத்திரி பூரா நீங்க புரண்டு புரண்டு படுத்தது எனக்குத் தெரியாதா?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். பாதிக் கடன் போய்விடும். ஆனால் சொன்ன பிறகு நாளைக்கு அந்த நோட்டை எந்த முகத்தோடு கையில் எடுப்பது?

விசாரணை நடந்தது துணிக் கிடங்குக்குப் பக்கத்து அறையில். தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த கணக்கு அதிகாரி ஒரு பெண்மணி. பறக்கும் பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் நிமிஷத்துக்கு ஒரு தும்மல் போட்டுக்கொண்டிருந்தார். மேசையில் ஷிஃப்ட் நோட்டு திறந்து கிடந்தது. எதிரில் சூப்பர்வைசர், கால்மேல் கால்.

"இது நீங்க எழுதினதா?" அதிகாரி நேராகக் கேட்டார்.

அறைக்கு வெளியே மனைவி நிற்பது கதவுக் கண்ணாடியில் தெரிந்தது. அவர் அவளையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கேக்கறாங்கல்ல, சொல்லுங்க" என்றார் சூப்பர்வைசர், ரொம்பப் பரிவாக.

அந்தப் பரிவுதான் சுட்டது. "நான் எழுதினதுங்க மேடம்" என்று வந்துவிட்டது.

சூப்பர்வைசர் காலை இறக்கினார். "அப்ப எழுதிக் காட்டட்டும் மேடம். நான் சொல்றேன். தி ஆபரேட்டர் நெக்லெக்டட் டு டெர்மினேட் தி எக்விப்மெண்ட்."

மெஷினை ஆபரேட்டர் நிறுத்தத் தவறினார் என்று அர்த்தம். காகிதம் வந்தது. பேனா வந்தது. 'தி ஆபரேட்டர்' வரைக்கும் கை ஓடியது. அந்த வார்த்தை தினம் பார்க்கும் பலகையில் இருக்கிறது. அதற்கப்புறம் சுவரில் முட்டியது போல நின்றுவிட்டது. நெக்லெக்டட் என்ற ஆளை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. நெற்றி வியர்வை ஒரு சொட்டு காகிதத்தில் விழுந்து 'ஆபரேட்டர்' மேல் பரவியது.

"பாத்தீங்களா மேடம்? நேரம்தான் வீணாகுது."

அதிகாரி தும்மினார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். நோட்டை ஒருமுறை, காகிதத்தை ஒருமுறை பார்த்தார். "அதை விடுங்க" என்று புதுக் காகிதம் ஒன்றை நீட்டினார். "இன்னிக்குக் காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன பண்ணீங்க? உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி இங்கிலீஷ்ல எழுதுங்க. அவசரம் இல்ல."

ஜோடிக்காரர் குனிந்தார். 'ஐ வோக் அப் ஃபைவ்.' முழித்துக்கொண்டதை எழுதியதும் அடுத்தது தானாக வந்தது. 'ஐ காட் அப்.' முழிப்பது வேறு, எழுந்திருப்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் இன்று அரைமணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். 'வாட்டர் ரேன் அவுட்.' தண்ணீர் தீர்ந்தது. 'ஐ ஃபில்ட் அப் டூ பக்கெட்.' 'ஐ புட் ஆன் ஷர்ட்.' 'பஸ் பிரோக் டவுன். வி காட் ஆஃப். வி வாக்ட்.' எழுத்துகள் ஒவ்வொன்றும் தட்டாம்பூச்சி அளவு பெரிசு. வரி மேலே ஏறும், கீழே இறங்கும். ஆனால் நிற்கவில்லை.

ஆலை வாசல் வந்தது. வந்த நேரத்தை அட்டையில் பதிந்தது வந்தது. அழுக்குத் துணிச் சந்து வந்தது.

பேனா அங்கே நின்றது.

காலையில் நடந்ததை எழுதச் சொன்னார்கள். நடந்தது இதுவும்தான். இதைத் தாண்டி நேராக இந்த அறைக்கு வந்துவிட்டதாக எழுதலாம். எழுதத் தெரியும் என்று காட்ட இதுவரைக்கும் எழுதியதே போதும். எழுதிவிட்டாலோ, எதிரில் இருப்பவர் கையில் மனைவியின் வேலை இருக்கிறது. கதவுப் பக்கம் திரும்பினார். மனைவி கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் கணவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று தெரிந்தவள் போல, வெடுக்கென்று தலையை ஆட்டினாள். எழுதித் தொலையுங்கள் என்பது போல இருந்தது அது.

'சூப்பர்வைசர் கேம் அப். ஹி செட் கிவ் அப். சே நோ ரைட்டிங். பே ஹாஃப்.'

ஒரு வரி இடம் விட்டு, 'ஐ டிட் நாட் கிவ் அப்', அதாவது நான் விட்டுக்கொடுக்கவில்லை, என்று எழுதிப் பேனாவை மூடினார்.

அதிகாரி சத்தமாகப் படித்தார். பஸ் நின்ற இடத்தில் லேசாகச் சிரித்தார். சந்துக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. குரலைத் தாழ்த்தாமல் கடைசி வரை படித்தார்.

"அபாண்டம்!" சூப்பர்வைசர் எழுந்துவிட்டார். "இந்த ஆள் கதை கட்டி எழுதறார் மேடம்!"

"கதை கட்டி எழுதறாரா?" அதிகாரி நிமிர்ந்தார். "எழுதவே தெரியாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

சூப்பர்வைசர் மறுபடி உட்கார்ந்தார்.

நோட்டையும் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதிகாரி விரலால் ஒவ்வொரு எழுத்தாக ஓட்டிப் பார்த்தார். அதே பெரிசு, அதே ஏற்ற இறக்கம். மோட்டார் பற்றிய ஃபைலை இழுத்துத் தொகையின் மேல் கோடு போட்டார். "உங்க கிட்ட ஒரு பைசா பிடிக்க மாட்டோம். மீதிய நான் இவர்கிட்ட தனியாப் பேசிக்கறேன். உங்க வீட்டம்மா வேலைக்கும் ஒண்ணும் வராது. நீங்க போகலாம்."

ஜோடிக்காரர் போகவில்லை.

"என்னங்க?"

"அதை எழுதிக் குடுத்துடுங்க மேடம்."

"நான்தான் சொல்றேனே."

"சொன்னது சரிதான் மேடம். காகிதத்துல இருந்தா நானே படிச்சுக்குவேன்."

அதிகாரி ஒரு காகிதத்தில் தொகையை எழுதி, பக்கத்தில் இரண்டு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜோடிக்காரர் எழுத்துக்கூட்டினார். ரிட்டன், எழுதியது. ஆஃப். தனித்தனியாகத் தெரியும். இப்படி ஜோடியாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"இது என்ன சொல்லுது மேடம்?"

"கடனே இல்லைன்னு சொல்லுது."

"தேதியும் போட்டுடுங்க" என்றார் ஜோடிக்காரர். தேதி விழுந்தது. காகிதத்தை மெதுவாகச் சூப்பர்வைசர் பக்கம் நகர்த்தினார். "கீழ சாரும் ஒரு கையெழுத்துப் போடட்டும்."

சூப்பர்வைசர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தும்மிவிட்டு, பேனாவை அவரிடம் நீட்டினார்.