இன்னும் ஒரு பல்

மஹ்தியா கரையிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில், காலைப் பனிமூட்டத்துக்குள் எங்கள் படகின் என்ஜின் நின்றுபோனது. நின்ற இடம் பெரிய கப்பல்கள் போகிற தடம். ரேடியோவில் அரபியிலும் பிரெஞ்சிலும் கத்தினோம். பதிலுக்கு வந்தது ஒரு கப்பலின் ஊதல்தான்.

"என்னடா ஆச்சு, ஷெத்லி?" மேலிருந்து கேட்டார் முன்ஜி. படகுக்குத் தலைவர்; எங்கள் பேச்சில் ரயிஸ்.

"டீசல் பைப் போல்ட் லூஸாயிருக்கு, ரயிஸ். காத்து இழுக்குது," என்றேன் என்ஜினடியில் இருந்து.

"அப்போ இறுக்கு! இமாம் வந்து துஆ ஓதணுமா?"

அந்த போல்ட் பம்புக்கும் படகின் பக்கப் பலகைக்கும் நடுவே, இரண்டு விரல் இடுக்கில் இருந்தது. போல்ட் இறுக்கும் அரை இஞ்ச் ராட்செட் ஸ்பேனரின் தலையே உள்ளே போகவில்லை. போன வாரம் என்ஜினைக் கரையில் இறக்கி வைத்திருந்தபோது அதே ராட்செட்டால்தான் அதை இறுக்கினேன். அங்கே இடம் தாராளம். நீளப் பிடி கையில் இருந்தால், முக்கி முக்கி இழுக்காமல் எந்த மெக்கானிக்குக்குத்தான் மனசு ஆறும்? டீசல் போவதற்காக உள்ளே துளையிட்ட போல்ட் அது. அவ்வளவு பலம் தாங்காது, இழுபட்டுத் தளர்ந்துவிடும். அதைக் குற்றுயிராக்கியவன் நான்தான். ரயிஸிடம் சொல்லப் பயமாக இருந்தது.

கால் இஞ்ச் ராட்செட்டை எடுத்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும், தலைக்குள் பொடிப் பல் சக்கரம். கைப்பிடி ஒரு விரல் அளவு நகர்ந்தாலே ஒரு பல் ஏறிவிடும். நாலைந்து பல் இறுக்கினேன். ரயிஸ் இறங்கி வந்து கையால் பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றினார். என்ஜின் இருமிவிட்டு நின்றது. போல்ட் ஓரத்தில் இன்னும் டீசல் நுரைத்தது.

கப்பலின் ஊதல் இப்போது பக்கத்திலேயே கேட்டது.

"பிடியில ஒரு இரும்புக் குழாயைச் சொருகி நீளமாக்கி இழுடா! அது என்ன விளையாட்டுச் சாமான் மாதிரி?"

"உடைஞ்சிரும், ரயிஸ்."

"போனா போகட்டும், வேற வாங்கிக்கலாம்!"

"ராட்செட் இல்ல, போல்ட். போன வாரம் நான்தான் பெரிசை வச்சு இறுக்கிக் கெடுத்துட்டேன். மாத்து போல்ட் இல்ல."

அவர் ஊதல் வந்த பக்கம் பார்த்தார். "கரைக்குப் போனதும் உன்னைக் கொல்றேன்."

"முதல்ல போய்ச் சேரணுமே."

"எவ்வளவு வேணும்?"

"ஒரு பல்லு. கூடிட்டா முறிஞ்சிரும்."

பலம் கூடிவிடாமல் இருக்க, கைப்பிடியின் நுனியை விட்டுத் தலைக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் பிடித்தேன். போல்ட் பிடிக்கிறதா, இழுபடுகிறதா? எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. கடைசி நேரத்தில் ஓதும் கலிமா வாய்க்குள் ஓடியது. இழுத்தேன்.

"பம்பை அடிங்க, ரயிஸ்."

நுரை வரவில்லை. என்ஜின் பிடித்தது. அவர் மேலே ஓடிச் சுக்கானைத் திருப்பினார். மேல்திறப்பில் தெரிந்த வானத்தை மறைத்துக்கொண்டு ஓர் இரும்புச் சுவர் எங்களுக்குப் பின்னால் கடந்து போனது. அதன் அலை படகைத் தூக்கிப் போட்டது.

வெகுநேரம் கழித்து ரயிஸ் இறங்கி வந்தார். நான் இடுக்குக்குள் கையை விட்டபடியே கிடந்தேன்.

"விடுடா. கப்பல் போயிடுச்சு."

விட முடியவில்லை. விரல்கள் ராட்செட்டோடு இறுகிப் போயிருந்தன. கொல்கிறேன் என்றவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தார்.