பீளமேட்டுக்குப் போகாத பாட்டில்

எனக்கு வாய் நீளம், புத்தி குட்டை. இதை நாச்சியம்மாள் கல்யாணமான முதல் வருஷமே கண்டுபிடித்துவிட்டாள். ஆனாலும் இருபத்தெட்டு வருஷமாக நான் சொன்னதையெல்லாம் நம்பினாள்.

போன வருஷம் தை அமாவாசையன்று பொள்ளாச்சியில் அவளுக்குக் குடல்வால் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தால் இன்றைக்கே வந்து கும்பிடுகிறேன் என்று ஆனைமலை மாசாணியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். நல்லபடியாகவே முடிந்தது. மத்தியானம் நர்ஸ் ஒரு சின்ன பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினாள். உள்ளே மருந்துத் தண்ணீரில் சுண்டுவிரல் நீளத்துக்கு அது கிடந்தது.

"கோயமுத்தூர்ல பீளமேட்டு லேப்ல குடுத்துருங்கண்ணா. எடுத்த சதையை எப்பவும் டெஸ்ட் பண்ணிப் பாக்கறதுதானுங்க."

"குப்பைக்குப் போறதுக்கு எதுக்கு டெஸ்டு?" என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் வாங்கி ஸ்கூட்டர் டிக்கியில் வைத்தேன்.

முதலில் ஆனைமலை, திரும்பி வந்து கோவை பஸ் என்பது என் திட்டம். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. அறுத்தெடுத்த சதையை வண்டியில் வைத்துக்கொண்டு அம்மன் முன்னால் எப்படிப் போய் நிற்பது? தீட்டு அல்லவா? ஆற்றங்கரையில் குழி தோண்டி, பாட்டிலோடு புதைத்துவிட்டு, ஒரு முழுக்குப் போட்டு, ஈரவேட்டியோடு போய்க் கும்பிட்டேன். மனசு லேசாக இருந்தது. அட, கிறுக்குப் பயலே!

தையல் பிரிக்கப் போன அன்று டாக்டர் வெளியூர். "ரிப்போர்ட் வந்துருச்சுங்களாண்ணா?" என்று நர்ஸ் கேட்டாள். நாச்சியும் என் முகத்தைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

"வந்துருச்சு. ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்குது. காயிதம் ஊட்ல கெடக்குது" என்றேன்.

நர்ஸ் அப்படியே எழுதிக்கொண்டாள். நாச்சி வீட்டுக்கு வந்ததும் சந்தோஷத்தில் இடியாப்பம்போல சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பால் விட்டுக் கொடுத்தாள்.

இந்த ஆடியில் அவளுக்கு வயிறு உப்பிக்கொண்டு வந்தது. ஸ்கேன் எடுத்துக்கொண்டு பீளமேட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கரோலின் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"கட்டி வயிறு முழுக்கப் பரவியிருக்குதுங்க. குடல்வால்லதான் ஆரம்பிச்சிருக்கும்னு தோணுது. அப்ப எடுத்ததை டெஸ்ட் பண்ணலீங்களா?"

"பண்ணுனமுங்க" என்று நாச்சி முந்திக்கொண்டாள். "ஊட்டுக்காரரே கொண்டுபோய்க் குடுத்தாருங்க. ஒண்ணுமில்லைன்னுதான் வந்துச்சு." சொல்லும்போது குரலில் ஒரு பெருமை.

"எந்த லேப்? சதையை மெழுகுல பதிச்சு வெச்சிருப்பாங்க. வாங்கி மறுபடி பாத்துரலாம்."

நாச்சி என் பக்கம் திரும்பினாள். "பேரைச் சொல்லுங்க. ஏனுங்க, உங்களைத்தானுங்க."

சொன்னேன். அமாவாசை, தீட்டு, ஆற்றங்கரை, பொய், எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அன்னிக்கே தெரிஞ்சிருந்தா இன்னொரு ஆபரேஷனோட பெரும்பாலும் தீந்திருக்குமுங்க. இனி மருந்து குடுத்துப் பாக்கலாம். முழுசாக் கொணமாகும்னு என்னால சொல்ல முடியாது."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

"பொதைச்சதுகூடப் போவட்டுமுங்க. சாமிக்குப் பயந்து செஞ்சுபோட்டீங்க" என்றாள். "ஒண்ணுமில்லைன்னு எதுக்குங்க சொன்னீங்க? சித்திரையில இருந்தே எனக்கு வலிங்க. ரிப்போர்ட்தான் நல்லா வந்துருச்சே, வாயுவாத்தான் இருக்கும்னு சோம்புத்தண்ணி குடிச்சுட்டு இருந்தனுங்க."