அக்காவின் தோளில் ஒரு தடம்

இனாமுல் ஹசன் தன் அக்காவின் சாவைப் பற்றி எழுதிய இருநூறு பக்கங்களை ஞானசம்பந்தம் என்னிடம் கொடுத்தார். காரைக்குடியில் சிறிய பதிப்பகம் நடத்துபவர் அவர். "படிச்சுட்டுச் சொல்லுங்கம்மா. அச்சுக்குப் போகலாமா, இல்ல நான் கோர்ட்டுக்குப் போகணுமா?" என்றார். முப்பது வருடம் பத்திரிகையில் வேலை பார்த்தவள் என்பதால் இப்படிப்பட்டவை என்னிடம் வரும்.

அக்கா பெயர் ஜன்னத்துல் பிர்தௌஸ். ஆறு வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, கண்டரமாணிக்கத்தில் புகுந்த வீட்டு மாடிப்படியில் விழுந்து இறந்தார். யாரும் புகார் கொடுக்கவில்லை. மறுநாள் காலை அடக்கம். அக்கா விழவில்லை, கணவர் அன்வர் சாதிக்தான் தள்ளிவிட்டார் என்கிறது ஹசனின் எழுத்து.

எழுத்து நன்றாக இருந்தது. அன்வர் கோபத்தில் குரலை உயர்த்தமாட்டார். சாப்பிட்ட தட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருப்பார். அக்கா போனில் பேசும்போது யாராவது அறைக்குள் வந்துவிட்டால், பேச்சு சட்டென்று மீன் விலைக்கு மாறும். இவற்றை நான் நம்பினேன்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை நம்பவில்லை. மய்யித்தின், அதாவது அக்கா உடலின், இடது தோளுக்குப் பின்னால் நான்கு விரல் தடம், சுண்டுவிரல் தடம் மட்டும் வெளிறி. புத்தகத்திலேயே சிறந்த பக்கம் அதுதான். ஆனால் பெண்ணைக் குளிப்பாட்டுவது பெண்கள். கஃபன் துணி சுற்றியபின் தம்பிக்குக் காட்டுவது முகத்தை மட்டும். இவர் எப்போது தோளைப் பார்த்தார்?

இன்னொன்றும் உறுத்தியது. அந்த வெள்ளிக்கிழமை காலை ஹசனின் கடைக்கு வந்த பெயின்ட் டப்பாக்கள்கூட எழுத்தில் இருந்தன. ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு, மாலை ஐந்தரைக்குச் சாவுச் செய்தி வரும்வரை, ஒரு வரியும் இல்லை. தள்ளிய கை யாருடையது என்றுகூட யோசித்தேன்.

கண்டரமாணிக்கத்துக்குப் போய், குளிப்பாட்டிய மூதாட்டியைக் கண்டுபிடித்தேன்.

"பாத்தத வெளிய சொல்லக்கூடாதும்மா, அது அமானத்து, நம்பி ஒப்படைச்சது" என்றார். "நாப்பது வருசமா என் வாயில இருந்து ஒண்ணும் போனதில்ல. நீங்க போலீசா?"

"இல்லம்மா, பத்திரிகையில இருந்தேன்."

"அதுக்குப் போலீசே தேவல."

"அவுக தம்பிகிட்டயும் சொல்லலையா?"

"எவன்கிட்டயும் சொல்லல."

"கூட யாரும் இருந்தாகளா?"

"தண்ணி ஊத்துனது இறந்தவுக மக ஷாஜியாதான். பதினஞ்சு வயசு. அழுதுக்கிட்டே ஊத்துச்சு."

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. புத்தகம் அந்த ஷாஜியாவுக்குத்தான் சமர்ப்பணம். தாய் தானாக விழுந்தாள் என்று நம்பி, தகப்பன் வீட்டிலேயே இருப்பவள், மாமாவோடு பேசுவதில்லை. அவள் ஒருத்தி நம்பினால் போதும் என்று முன்னுரையில் எழுதியிருந்தார் ஹசன்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன்.

"தோள்ல இருந்த தடத்த நீங்க பாத்தீகளா?"

"குளிப்பாட்டுனவுக சொன்னாக, மேடம்."

"யாருக்கும் சொல்லலைங்கிறாக."

"அப்ப அவுக பொய் சொல்றாக."

"இருக்கலாம். ஆனா தண்ணி ஊத்துனது ஷாஜியா."

அவருக்கு அது தெரியாது. ஆண்கள் வெளியே பந்தலில் இருந்திருப்பார்கள். "ஷாஜியாவா?" என்று இரண்டு முறை கேட்டார்.

"தடம் இருந்துச்சா இல்லையான்னு அவளுக்குத் தெரியும். இல்லைன்னா, மிச்சத்தையும் நம்பமாட்டா."

"இருந்திருக்கும், மேடம்."

"இருந்திருக்கும்னா?"

"நானா யோசிச்சுத்தான் எழுதுனேன். வெறும் மீன் வெலையவும் தட்டையும் வச்சு யாரு நம்புவா?"

"அன்னைக்கு மத்தியானம் எங்க இருந்தீக?"

"கடையில."

"வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அப்புறம் கடை திறக்கிறதில்லைன்னு முப்பதாம் பக்கத்துல நீங்களே எழுதியிருக்கீக."

அவர் தரையைப் பார்த்தார். "அக்கா பையோட இங்க வந்துச்சு" என்றார். "இனி அங்க போகமாட்டேன்னுச்சு. நான்தான் வண்டியில ஏத்திக் கொண்டுபோய் விட்டேன். மச்சான் வாசல்ல நின்னு, வாங்க மாப்ளன்னு சிரிச்சாக."

இதையும் உடனே நம்பிவிட முடியவில்லை. தடத்தைக் கற்பனையில் உண்டாக்கியவருக்குப் பையை உண்டாக்குவது பெரிய வேலையா?

அடுப்படியிலிருந்து அவர் மனைவி பர்வீன் பானு வந்தார். "அன்னைக்கு அக்காவுக்கு டீ போட்டேன், குடிக்கக்கூட விடல இவுக. வண்டியில ஏறும்போது, 'சைலன்சர் சுடும், காலத் தள்ளி வையி'ன்னாக. அந்த அக்கறைக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. இத எழுதுங்க, எழுதுங்கன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்."

"எழுதுனா ஷாஜியா மூஞ்சியில எப்பிடி முழிப்பேன்?"

"இப்ப மட்டும் முழிச்சுக்கிட்டா இருக்கீக?"

ஹசன் என்னிடமிருந்து காகிதக் கட்டை வாங்கினார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை உருவி, குறுக்கே ஒரு கோடு போட்டுத் திருப்பி வைத்தார். வெற்றுப் பக்கத்தில் 'வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டரை மணி' என்று எழுதியவர், பேனாவை நிறுத்தினார்.

"அந்தப் பை என்ன கலரு?"

"கவனிக்கலையே" என்றார் பர்வீன் பானு.

ஹசன் தானே ஒரு நிறத்தை உண்டாக்கி எழுதிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. அவர் பையின் நிறம் நினைவில்லை என்றே எழுதினார்.