இளைய கௌரியைச் சுமந்த கை

வருஷம் முழுக்கப் பழைய பருத்திப் புடவைக்குள் டிரங்குப் பெட்டியில் கிடந்துவிட்டு, சதுர்த்திக்கு வீட்டில் கணபதி வைத்த பிறகுதான் கௌரிகள் இருவரும் வெளியே வருவார்கள். பூஜைக்கு வைக்கிற பித்தளை அம்மன் முகங்கள். கறுத்துப்போய்த்தான் வருவார்கள். அவர்களைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்குவது என் வேலை.

எங்கள் சாத்தாரா வீட்டு வழக்கப்படி மூத்த கௌரியை மூத்த மருமகள் சுமந்து வாசல் தாண்டுவாள், இளையவளை இளைய மருமகள். கல்யாணமான வருஷத்திலிருந்து இளையவளை நான்தான் சுமந்தேன். என் கணவர் சதானந்த் இறந்துபோனதும் இந்தக் கை ஆகாத கையாகிவிட்டது. இப்போது பக்கத்து வீட்டு மேதா வந்து சுமக்கிறாள். நான் சமையலறையில் சோள மாவில் பாக்ரி ரொட்டி தட்டிக்கொண்டு வாசல் சத்தத்தைக் காதால் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் தேய்ப்பதற்கு மட்டும் இதே கை ஆகும்! நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் கௌரி வர வேண்டும். ஷைலா அக்கா, என் மூத்த ஓரகத்தி, வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, இந்த வருஷம் சின்னவளை நானே எடுத்துட்டு வரேன்.”

“என்ன உளர்றே உஜ்வலா? நாலு சுமங்கலிங்க வந்து நிக்கிற இடத்துல?”

“தேய்க்கறப்ப என் மடியிலதானே உக்கார்றா? அப்ப மட்டும் ஒண்ணும் ஆகலையா?”

“அது வேலை. இது சாஸ்திரம்.”

“அப்படின்னா ரெண்டையும் நீங்களே பாத்துக்கோங்க.”

முகங்கள் இரண்டையும் அவள் கீரைக் கட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தேன்.  மனசுக்கு நன்றாக இருந்தது.

ஷைலா அக்காவுக்குத் தேய்க்கப் பொறுமை கிடையாது. ஊறினால் தானாக அழுக்குப் போய்விடும் என்று புளியைக் கெட்டியாகக் கரைத்து இருவரையும் அதில் முக்கிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். காலையில் எடுத்தால் கறுப்பு போயிருந்தது. கூடவே மஞ்சளும் போயிருந்தது. யாரோ அறைந்த மாதிரி இரண்டு முகத்திலும் செம்பு நிறத்தில் திட்டுத் திட்டாகச் சிவப்பு.

அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அவள் கணவர் பிரபாகர் முகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தங்கக் கலர் பெயின்ட் அடிச்சிடலாமா?” என்றார்.

“நீங்க சும்மா இருங்க! தேவிக்குக் கோபம் வந்துடுச்சு. எல்லாம் இவ வாயால வந்தது.”

“கோபமும் இல்ல, ஒண்ணும் இல்ல,” என்றேன். “ராத்திரி பூரா புளியில போட்டா நீங்களும்தான் செவந்துபோவீங்க. புளியைத் தடவுன கையோட கழுவணும், கழுவுன கையோட ஈரம் போகத் துடைக்கணும்.”

“இப்ப சரி பண்ண முடியுமா?”

“முடியும். ஆனா சின்னவளைச் சுமக்கிறது நான்.”

“மேதாகிட்ட என்னடி சொல்றது?”

“பாக்ரி தட்டச் சொல்லுங்க.”

பிரபாகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். அக்கா பதில் பேசவில்லை. அந்த மௌனத்தை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ளவில்லை.

“வாயால சொல்லுங்க அக்கா.”

“எடுத்துட்டு வந்து தொலை!”

சலித்த சாம்பலில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்து, பழைய பனியன் துணியால் மெல்லத் தேய்த்தேன். கண்ணிலும் உதட்டிலும் அழுத்தவே கூடாது. எனக்கு முன்னால் யாரோ வேகமாகத் தேய்த்ததில்தான் மூத்தவளுக்கு ஒரு புருவம் பாதி போயிருக்கிறது. சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. கழுவி, உடனே துடைத்து, வெயிலில் காட்டினேன். இளையவளின் மூக்கோரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு மிச்சம். அதையும் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அவளுக்கும் கோபம் வரட்டுமே.

சாயங்காலம் துளசி மாடத்திலிருந்து வாசல் வரை குங்குமத்தால் பாதம் போட்டிருந்தார்கள். ஷைலா அக்கா மூத்தவளோடு முன்னால் போனாள். தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டே உள்ளிருந்த பெண்கள் வழக்கம்போலக் கேட்டார்கள்: “கௌரி வந்தா, எந்தக் கால்ல வந்தா?”

“தங்கக் கால்ல வந்தா!” என்று சொல்லி அக்கா வாசல் தாண்டினாள்.

அடுத்தது நான். தட்டுச் சத்தம் நின்றது. மேதா சுவரைப் பார்த்தாள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்காமல் கௌரி உள்ளே வரக் கூடாது. அப்படியே திரும்பிவிடுவேன் என்று நினைத்தார்கள் போல. கனமான பித்தளை, கை கடுத்தது. நான் நகரவில்லை.

மூத்தவளை வைத்துவிட்டு ஷைலா அக்கா திரும்பி வந்தாள். என் வெறும் நெற்றியைப் பார்த்தாள். கையிலிருந்த முகத்தைப் பார்த்தாள். மேதாவிடமிருந்து தட்டைப் பிடுங்கி ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

“கௌரி வந்தா,” என்றாள், கரகரத்த குரலில். “எந்தக் கால்ல வந்தா?”

“என் கால்ல வந்தா!” என்று வலது காலை உள்ளே வைத்தேன்.