பெயர் ஒட்டாத பாட்டில்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கடையில் கிடைத்தது. இலவசமாகத்தான். பில் போடும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண், பக்கத்து அலமாரியிலிருந்து ஜாம் பாட்டில் ஒன்றை எடுத்தாள். முன்பக்கத்துப் பழப்படத்தை அவள் சட்டை செய்யவே இல்லை. பின்பக்கம் திருப்பி, பொடி எழுத்தில் இருந்ததை வரிவரியாகப் படித்தாள். மூடியைத் தட்டிப் பார்த்தாள். "பாட்டில் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள். அவள் பக்கத்தில் யாரும் இல்லை. என்னிடமும் சொல்லவில்லை.

அவள் கூடையை எட்டிப் பார்த்தேன் (எழுதுகிறவனுக்கு இந்த மரியாதைகெட்ட பழக்கம் உண்டு). மாவு, சர்க்கரை, எண்ணெய், சலவை சோடா. அப்படியே எடுத்துச் சாப்பிடவோ பூசவோ முடிகிற பொருள் ஒன்றுகூட இல்லை.

அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் நான் வீட்டில் செய்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "விடியலின் மெல்லிய வெளிச்சத்தில் அவள் சோப்புக் காய்ச்சிக்கொண்டிருந்த—" வேண்டாம். விடியலை நான் பார்த்தே பல வருடமாகிறது.

பிறகு: "சிக்கனம் என்பது ஏழைகளின்—" இதற்கு யாராவது மேடை போட்டு மாலை வாங்கிவர வேண்டும். அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள்." இது நிற்கட்டும். 'இருந்தாள்' என்றதும் பயந்துவிடாதீர்கள். தங்கை குத்துக்கல்லாட்டம் நன்றாக இருக்கிறாள். வேறு ஊரில் நர்ஸ் வேலை.

3

அக்காவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஃபிரேமுக்குத் தக்கபடி லென்ஸை உரசிப் பொருத்துவது. அம்மா அப்பா போனபின் அக்காவும் தங்கையும் ஒரு அறையும் ஒரு சமையலறையுமாக மாடியில் குடியிருந்தார்கள். அக்காவின் சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்குமே இழுபறியாக இருக்க, தங்கையோ நர்ஸ் படிப்பு படித்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "சரி, படி. ஆனா இனிமே கடையில எதுவும் வாங்கக்கூடாது" என்றாள் அக்கா.

அன்றிலிருந்து ரொட்டி, ஜாம், சோப்பு, பல்பொடி, தரை துடைக்கும் திரவம் எல்லாம் வீட்டுத் தயாரிப்பு. முதல் ரொட்டியைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்தார்கள். முதல் சோப்பு நுரைக்கவே இல்லை. ஆனால் தேய்த்தவுடன் தோல் நன்றாக எரிந்தது. போகப்போகக் கை தேறிவிட்டது.

சாமான் போட்டு வைக்கப் பாட்டில் வேண்டுமே. கடைக்காரர், கீழ்வீட்டுக்காரர் என்று கேட்டு வாங்கிய காலிப் பாட்டில்களை வெந்நீரில் ஊறப்போட்டு, மேலே ஒட்டிய காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுப்பார்கள். சனிக்கிழமை வேலை அது. கதை பேசிக்கொண்டே சுரண்டுவார்கள். அந்தச் சமையலறையில் எழுத்து என்று ஒன்று இல்லாமலே போனது. எதில் என்ன என்பது இடத்தை வைத்துத்தான். மேல்தட்டில் சாப்பாட்டுச் சாமான். இடது ஓரத்தில் முதலாவது உப்பு. கீழ்த்தட்டில் கழுவுகிற துடைக்கிற சாமான். இரண்டு பேரும் பார்க்காமலே கை நீட்டி எடுப்பார்கள்.

(ஒரு பேனாவால் பெயர் எழுதி ஒட்டினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயந்தான். ஆனால் வீட்டில் இருப்பதே இரண்டு பேர், இரண்டு பேருக்கும் தெரியும். பிறகு எழுதுவது யாருக்காக?)

4

தங்கையிடம் எனக்குச் சிக்கல். முதல் வரைவில் அவளை நன்றி கெட்டவளாக எழுதினேன். வேலை கிடைத்ததும் மணக்க மணக்க சோப்பு வாங்கினாள், அக்காவை மறந்தாள், இத்யாதி. எழுத சுலபமாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. கிழித்துப் போட்டேன்.

உண்மையில் (என்னுடைய உண்மை, கடையில் கேட்காதீர்கள்) தங்கை மாதாமாதம் பணம் அனுப்புகிறாள். போனில் ஒவ்வொரு முறையும் ஒரே பாட்டு: "அக்கா, நீ பட்டதெல்லாம் போதும். இனிமே எதுவும் செய்யாதே, எல்லாத்தையும் கடையில வாங்கிக்கோ." அவள் அதைப் பாசத்தில்தான் சொல்கிறாள். அக்காவுக்கோ, வேலையிலிருந்து நிறுத்திவிட்டதுபோல் இருக்கும். போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய், மாவைப் பிசைய ஆரம்பித்துவிடுவாள். ரொட்டி இரண்டு பேர் அளவுக்கே வரும். அளவைக் குறைத்தால் பதம் கெட்டுவிடுகிறது. மிஞ்சியதைக் காய்ந்த பிறகு டீயில் நனைத்துத் தின்பாள்.

அவள் தனியாக இருந்தாள். இதைக் கொஞ்சம் நாசூக்காகச் சொல்லலாம் என்று நாலைந்து விதமாக எழுதிப் பார்த்தேன். சரிவரவில்லை. அவள் தனியாக இருந்தாள், அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

5

ஒருநாள் தங்கை வந்தாள். இந்த ஊரில் ஏதோ பயிற்சி வகுப்பாம். அது முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தவள் சாயங்கால பஸ்ஸுக்குப் போக வேண்டும். அக்காவுக்கு ஆசை ஒன்றே ஒன்று. தங்கை இன்று ராத்திரி இங்கே தங்க வேண்டும். அதற்கு 'இரு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காலையிலிருந்து அந்த வார்த்தையை வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ உக்காருக்கா, நான் முட்டை போடறேன்" என்று தங்கை சமையலறைக்குள் போனாள். முட்டையை உடைத்து ஊற்றினாள். பழைய பழக்கத்தில், பார்க்காமலே மேல்தட்டில் இடது ஓரத்துக்குக் கை நீட்டி, முதல் பாட்டிலைத் திறந்து இரண்டு சிட்டிகை தூவினாள்.

இருவரும் ஒரே நேரத்தில் வாயில் வைத்தார்கள். ஒரே நேரத்தில் ஓடிப்போய்த் துப்பினார்கள்.

"என்னக்கா இது! உப்பா இது?"

"சலவை சோடா!" அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நல்லவேளை, வயிறு வெளுத்திருக்கும்."

தங்கையும் சிரித்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தவள் அலமாரியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"உப்பு எங்க?"

"கீழ்த்தட்டுல."

"ஏன் கீழ?"

"சும்மாதான். மாத்தி வச்சேன்."

"அக்கா, கையைத் தூக்கு."

"எதுக்கு?"

"தூக்குன்னா தூக்கு."

வலது கை தோள் வரை வந்தது. அதற்குமேல் வரவில்லை. அக்கா முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"கொஞ்ச நாளா. தினமும் வேணுங்கிறதை இடது கையால கீழ இறக்கிட்டேன். வேண்டாததை மேல வச்சேன். ஸ்டூல் போட்டுத்தான்."

"ஸ்டூல் மேல ஏறினியா? தனியாவா?"

"வேற யாரோட ஏறறது?"

[இந்த இடத்தில் தங்கை கட்டிப்பிடித்து அழுதாள் என்று எழுதி, அடித்திருக்கிறேன். நர்ஸுகள் எடுத்த எடுப்பில் அழமாட்டார்கள்.]

தங்கைக்குக் கோபம் வந்தது. "எத்தனை தடவை போன்ல பேசினோம்? ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா நீ கடையில வாங்குன்னு சொல்லுவ."

தங்கை பையிலிருந்து காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரியை எடுத்துத் துண்டு துண்டாக வெட்டினாள். பேனாவால் 'உப்பு' என்று எழுதி, கீழ்த்தட்டில் இருந்த உப்புப் பாட்டிலில் முதலில் ஒட்டினாள்.

"இதெல்லாம் எதுக்குடி? எது எங்கன்னு எனக்குத் தெரியும்."

"உனக்கில்லக்கா. எனக்கு" என்றாள் தங்கை.

அக்கா சட்டென்று திரும்பி, கழுவிய தட்டையே மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

6

இனி முடிவு. மூன்று செய்து வைத்திருக்கிறேன்.

ஒன்று: பஸ் வராது. ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம். வாசகருக்கு நிம்மதி, எனக்கு வெட்கம். ஓட்டுநர்களை இதற்காகத் தொந்தரவு செய்யக்கூடாது.

இரண்டு: அக்கா 'இரு' என்று சொல்லிவிடுகிறாள். எழுதினேன். படித்துப் பார்த்தால் குரல் என்னுடையதாக இருக்கிறது. ஒருவரிடம் எனக்கு இது வேண்டும் என்று கேட்டுப் பழகாதவள் அவள். எதையும் தானே செய்துகொள்வது என்று ஆனபின் கேட்கிற பழக்கமும் போய்விடும்போல.

மூன்று: தங்கை பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறாள். அக்கா பின்னாலேயே வருகிறாள். வாயைத் திறக்கிறாள். "அடுத்த தடவை வரும்போது காலிப் பாட்டில் இருந்தா எடுத்துட்டு வா" என்கிறாள்.

"சரிக்கா" என்கிறாள் தங்கை. கொஞ்சம் நின்று, "வேற ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல. பாத்துப் போ."

இதுவரை நான் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தங்கைக்கு நாளைக்கு லீவு. வரும்போதே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். மாற்று உடுப்பும் பையில் இருக்கிறது. ஆனால் அவளாக எப்படிச் சொல்வாள்? தன்னை ஆளாக்கிய வீட்டில் இப்போது தான் விருந்தாளியா, வீட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அக்கா கூப்பிட்டால் இருப்பாள்.

லீவு கொடுக்க என்னால் முடிந்தது. எழுதுகிறவனுக்கு அவ்வளவு அதிகாரம் உண்டு. அக்காவின் வாயில் அந்த வார்த்தையை வைக்க முடியவில்லை. என் வீட்டில் நானும் தனி ஆள்தான். அந்த வார்த்தையை உரக்கச் சொல்லி எனக்கும் வெகுநாளாகிவிட்டது. அதனால் உங்களைக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் அது அன்றாடம் புழங்குகிற வார்த்தையாக இருக்கலாம்.

தங்கை ஒரு செருப்பை மாட்டிவிட்டாள். இன்னொன்றின் வாரை வேண்டுமென்றே மெதுவாக இழுத்துக்கொண்டிருக்கிறாள். அக்கா நிலைப்படியில் நிற்கிறாள், வாய் பாதி திறந்தபடி.

சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக.